சுளுக்குக்கு நீட்டிய கால்

என் மகன் ஆஸ்பத்திரியில் கால் முதலில் வந்து பிறந்தான். இழுத்தெடுத்ததில் இடது கால் வீங்கிக் கறுத்திருந்தது. ஒரு வாரம் அதை யாரும் தொடக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள் என் மாமியார் பக்கத்து வீட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு இடுப்பில் சுளுக்கு.

"காலு முந்திப் பிறந்த பிள்ளையாக்கும். ஒரு மிதி மிதிச்சா சுளுக்கு விட்டிரும். இஞ்ச கொண்டா மக்கா," என்றார் மாமியார்.

பள்ளி இறுதி வரை படித்தவள் நான். நர்ஸ் சொன்னது நினைவிலும் இருந்தது. ஆனாலும் மாமியாரை மறுத்துப் பேச வாய் வரவில்லை; பிள்ளையை நீட்டினேன். அவர் இடது காலைப் பிடித்து அக்காவின் இடுப்பில் மூன்று முறை அழுத்தினார்.

பிள்ளை அழவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. அந்தக் காலில் உணர்வே இல்லையா?

பிள்ளையை வாங்கிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் நகத்தால் உள்ளங்கால்களைக் கீறினார். வலது கால் விரல்கள் உடனே மடங்கின. இடது காலில் திரும்பத் திரும்பக் கீறியபின் சுண்டுவிரல் மட்டும் மெல்ல அசைந்தது.

"உணர்வு இருக்கு. தொடப்படாதுன்னு சொன்னேனா இல்லியா?" என்றார். அவர் பார்த்தது என்னை.

"எனக்கு இப்பம் லேசா இருக்கு," என்று அக்கா இடுப்பை நிமிர்த்தினாள். "நல்ல காலாக்கும்."