குளிர்ந்த மலைக்கு ஐஸ் எதற்கு

தேவசிகாமணிக்கு வாய் நீளம். ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு பாதிரியார் நடத்திய சிறிய மாட்டு மருந்தகத்தில் அவர் கம்பவுண்டர். மாட்டைப் பிடிப்பது, ஊசி போடுவது, மருந்து வாங்கச் சேலம் போவது எல்லாம் அவர்தான். பேச்சைக் கேட்டால் அங்கிருந்த மாட்டு டாக்டர் கந்தசாமியே இவரிடம் படித்தவர் என்று தோன்றும்.

தொண்ணூற்றொன்றில் டாக்டர் ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த கோமாரிக் கிருமியின் படத்தை அவருக்குக் காட்டினார். பந்து மாதிரி ஒரு கூடு. அதன் மேல்தோல் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள் துருத்திக்கொண்டிருந்தன. மாட்டின் வாயிலும் தொண்டையிலும் உள்ள செல்களில் அந்த வளையம் பொருந்துவதற்கென்றே ஓர் இடம் இருக்கிறதாம். அதைப் பற்றிக்கொண்டுதான் கிருமி உள்ளே நுழைகிறது என்றார் டாக்டர். போதாதா தேவசிகாமணிக்கு?

மாடுகளுக்குத் தடுப்பூசி போடச் சம்மதம் வாங்க, பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலைக்குப் போய் நாயுருவிக் கதிரைப் பிடுங்கித் தன் வேட்டியில் ஒட்டிக் காட்டினார்.

"பாருங்க, ஒட்டுதில்லீங்க? கோமாரியும் இப்படித்தானுங்க மாட்டைப் புடிக்குது. தடுப்பூசியில இருக்கறது செத்த கிருமி. அதோட சட்டையைப் பாத்து மாட்டு ஒடம்பு பழகிக்கும். அப்புறம் நெசக் கிருமி வந்தா, ஒடம்புல ஊறின எதிர்ப்புச் சத்து அந்த வளையத்து மேலயே ஏறி அப்பிக்கும். கிருமிக்கு ஒட்ட எடமே இருக்காதுங்க."

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சின்னையன் அசையவில்லை. ஒரு பசுவும் கன்றும் மட்டுமே சொத்தாக வைத்திருந்த வெள்ளையம்மாள்தான் முதலில் தலையாட்டினாள். "அவரு நொம்ப வெவரமா சொல்றாருங்க, போட்டுக்கலாம்" என்று வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் அவளே இழுத்து வந்தாள்.

சேலத்தில் மருந்து வாங்கிய இடத்தில், பெட்டிக்குள் ஐஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தேவசிகாமணி சிரித்தார். "ஏற்காட்டுக்காரனுக்கா ஐஸ்? எங்க மலையே ஐஸ் பெட்டிதானுங்க." மலைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கொழுப்பு இது. குளிருக்குத் தாங்கள்தான் சொந்தக்காரர்கள் என்ற நினைப்பு. பஸ்ஸில் இடமில்லாமல் பெட்டியை டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் வைத்துக்கொண்டு மலையேறினார். மருந்தகத்தில் கரண்ட் இல்லை, பிரிட்ஜ் ஓடவில்லை. டாக்டரும் லீவில் போயிருந்தார். மருந்து ஊசி போடும் நாள் வரை மேஜை மேலேயே கிடந்தது.

பிடித்து வந்த மாடுகளுக்கெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் டாக்டர் வந்தார்.

"ஐஸ் கரையாம இருந்துச்சா? சூடு பட்டா அந்தக் கூடு துண்டு துண்டா ஒடைஞ்சுரும். ஒடைஞ்சதைப் பாத்து மாட்டு ஒடம்பு ஒண்ணும் கத்துக்காது. தண்ணியைப் போட்ட மாதிரிதான்."

தேவசிகாமணி காலிப் பெட்டியைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினார். "இருந்துச்சுங்க சார்" என்றார். மறுபடி போடுவதென்றால் தலைச்சோலைக்குப் போய்த் தன் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவு அளந்த வாயால் அதைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. இந்த வருஷம் கோமாரி வராமல் இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

கோமாரி வந்தது. மாடுகள் வாயில் நுரை வழியக் காலை ஊன்ற முடியாமல் நின்றன. வெள்ளையம்மாளின் கன்று பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து செத்தது. ஊசியால்தான் சீக்கு வந்தது என்று ஊர் முடிவு கட்டியது. ஊசியை ஊருக்குள் அழைத்து வந்தவள் வெள்ளையம்மாள். மலைச்சாமி சேர்வராயன் திருவிழாவுக்கு அவள் வீட்டு வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சின்னையன். வரி வாங்கவில்லை என்றால் அவள் அந்த ஊர்க்காரியே இல்லை என்று அர்த்தம். நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

கேள்விப்பட்டதும் தேவசிகாமணி கூனிக் குறுகிப் போனார். சோறு இறங்கவில்லை. மனைவி செல்வமேரியின் முகத்தைப் பார்க்கவே கூசியது. கடைசியில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத் தலைச்சோலைக்குக் கிளம்பினார். ஊரைக் கூட்டச் சொன்னார். வெள்ளையம்மாள் எல்லோரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி மேல தப்பில்லீங்க. இந்தம்மா மேலயும் இல்லீங்க. நாந்தான் ஐஸ் வெக்காம கொண்டாந்தேன். மருந்து கெட்டுப் போச்சு. அது தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேனுங்க."

சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. சின்னையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அவ ஊட்டு வரியை வாங்கிக்குங்கப்பா" என்றார். அந்த மட்டும் நிம்மதி. திட்டுக்கும் அடிக்கும் தயாராகத்தான் தேவசிகாமணி வந்திருந்தார். நாலு அடி விழுந்திருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

வெள்ளையம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, பக்கத்து ஊருல சீக்குன்னு கேட்டதுமே ஊசிய நம்பாதவங்க மாட்டை வெளிய உடாம கட்டிப்போட்டாங்க. நான் உங்க பேச்ச நம்பி, ஒண்ணும் ஆவாதுன்னு கன்னுக்குட்டிய அவுத்து உட்டேனுங்க. மருந்து கெட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கட்டிப்போட்டிருப்பேன். ஏனுங்க சொல்லல?"

வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மையான பதில். அதை அவளிடம் சொல்லவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.