பழைய கார்டில் ஓடிக்கொண்டிருந்த கட்டணம்

கிரெடிட் கார்டு தேர்ந்தெடுத்த அந்த வாரம் நானும் என் கணவரும் பேசிக்கொண்டதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். அபிராமபுரத்தில் மாடிப் போர்ஷன், இருப்பது இரண்டே பேர், சண்டை போட இடத்துக்குப் பஞ்சமில்லை. கையில் இருந்த மூன்று கார்டுகளிலும் கடன் கழுத்துவரை ஏறியிருந்தது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக் கட்டி, வட்டிதான் வளர்ந்தது. மூன்று கடனையும் ஒரே புதுக் கார்டுக்கு மாற்றிவிட்டால் வட்டி குறையும் என்று அவருடைய அலுவலகத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கடனில் நகை இல்லை, டிவி இல்லை, ஊர் சுற்றியதும் இல்லை. அத்தனையும் ஒரு குழந்தைக்காக அடையாறில் ஒரு மருத்துவமனைக்குக் கொடுத்தது. சோதனைக்குழாய் முறையில் மூன்று முறை முயன்றோம், ஒரு முறையும் கரு தங்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு கருக்களை அங்கேயே உறைய வைத்திருந்தார்கள். பாதுகாப்புக்கு வருடக் கட்டணம். அது எங்கள் பழைய கார்டில் ஆட்டோ டெபிட்டாகத் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளில் எது என்பதுதான் எங்கள் சண்டை. அவர் பிடிவாதமாக நின்ற கார்டில் வட்டி ரொம்பக் குறைவு, ஒன்றரை வருடம் நிதானமாகக் கட்டலாம். ஆனால் லிமிட் முழுவதையும் பழைய கடனே விழுங்கிவிடும். நான் கேட்ட கார்டில் வட்டி கூடுதல், கடனை மாற்றிய பிறகும் லிமிட்டில் கொஞ்சம் இடம் மிஞ்சும். இன்னொரு முயற்சிக்குப் போதுமான இடம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மளிகைக்கு கேஷ்பேக் தருகிறார்கள் என்றேன்.

"மாசத்துக்கு அப்படி என்ன மளிகை வாங்கறோம், ரெண்டு பேருக்கு?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை தி.நகரில் அந்த வங்கிக்குப் போனோம். ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைப்பதற்குள் எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. கவுண்டரில் இருந்த பெண் சின்னவள், விவரமானவள். இரண்டு கார்டுகளின் விவரத்தையும் எங்கள் முன்னால் வைத்தாள்.

"புதுசா செலவு எதுவும் பண்ற ஐடியா இல்லன்னா, சார் சொல்றதுதான் மேடம் பெஸ்ட். கடன் மாறினதும் பழைய கார்டெல்லாம் க்ளோஸ் பண்ணிடுங்க. அதுல ஆட்டோ டெபிட் ஏதாவது போகுதா? போச்சுன்னா முன்னாடியே பேங்க் அக்கவுண்டுக்கு மாத்திக்கோங்க. இல்லன்னா நின்னுடும்."

"இன்டர்நெட் போகுது, கரன்ட் பில் போகுது, எங்கம்மாவோட இன்ஷூரன்ஸ் போகுது," என்று அவர் விரல் மடக்கினார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக்கூட மனப்பாடமாகச் சொல்கிற மனிதர். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேஜையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கருக்கள் என் உடம்பிலிருந்து வந்தவை, யாரைக் கேட்டு இவர் ஒன்றுமில்லை என்கிறார்? அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் அவர் கேட்ட கார்டுக்கே கையெழுத்துப் போடும்போது அவருடைய கை நடுங்கியதைப் பார்த்தேன். தினமும் என் தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி போட்ட கை அது. ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு, நான் இல்லை என்றாலும் நம்பாமல், ரொம்ப நேரம் பஞ்சால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றபோது, "ஒண்ணு சொல்ல விட்டுட்டீங்க," என்றேன்.

"மறந்துட்டேன்," என்றார்.

பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "இன்னா நைனா, நின்னுக்கினே தூங்குறியா?" என்று பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் குரல் கொடுத்த பிறகுதான் கிளம்பினார்.

அப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தவணை ஒழுங்காகக் கட்டினோம். கடன் குறையக் குறைய வீட்டில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

போன மாதம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. கட்டணம் வரவில்லையே மேடம், என்ன ஆச்சு என்று ஒரு பெண் கேட்டாள். தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்றும் கேட்டாள். குரல் மென்மையாக இருந்தது. பலரிடம் இதைக் கேட்டுப் பழகியிருப்பாள் போல. என் கையில் இரண்டு வளையல் இருந்தது. மனசு வைத்திருந்தால் அதை அடகு வைத்து அன்றைக்கே கட்டியிருக்கலாம். வங்கியில் அவர் கை நடுங்கியதுதான் ஞாபகம் வந்தது.

போனை வைத்தபோது அவர் காபியோடு வந்தார்.

"யாரு?"

"ஹாஸ்பிடல். பணம் ஏன் வரலன்னு கேட்டாங்க. மறந்துட்டோம்னு சொன்னேன்."

டம்ளரைக் கொடுக்க வந்தவர் அப்படியே நின்றார்.

"வெச்சிருக்கணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னுட்டேன். வந்து கையெழுத்துப் போடணுமாம்."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று முறை தோற்றபோதும் எனக்குத் தெரிந்து அழாத மனிதர், அப்போது அழுதார்.

"நான் மட்டும் போனா ஒத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். "நீ அங்க வர வேணாம்."

"மாட்டாங்க," என்றேன். "ரெண்டு பேரும்தான் வரணுமாம்."