அப்பாவின் காரும் தம்பி மாற்றச் சொன்ன பிரேக்கும்

எங்கள் அப்பா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் ஆரியசாலைக் கடைவீதி நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நான் மூத்த மகள். அப்பாவின் வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதைத் தொடங்குவதற்கு முன் உங்களில் சிலரிடம் ஒரு விஷயம் பேசியாக வேண்டும்.

பதினாறாம் நாள் காரியத்தின் அடியந்திரப் பந்தியிலேயே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மகன் ஆன்லைனில் மலிவாக பிரேக் வாங்கி மாட்டினானாம், பொன்முடி மலை இறக்கத்தில் அது பிடிக்கவில்லையாம், அந்த அதிர்ச்சியில்தான் நெஞ்சு நின்றுபோனதாம். மலை ஓரத்தில் கார் முட்டி நிற்கும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது, அது போதாதா? பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த என் தம்பியின் காதிலும் இது விழுந்தது. வாளியோடு அப்படியே நின்றுவிட்டான். அன்றிலிருந்து அவன் அந்தக் காரைத் தொடவே இல்லை. நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் அப்பா எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும்.

அப்பா பிறந்தது நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டியில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, இந்த ஊர்ச் சாலைக் கடைவீதிக்கு வந்து வற்றல் மிளகாய் மண்டியில் வேலைக்கு நின்றார். ஒரு முறை மேலே நல்ல வற்றலும் அடியில் நனைந்த வற்றலுமாக மூட்டைகள் வந்து இறங்கின. பார்த்து இறக்காத பழி அப்பாவின் தலையில் விழுந்தது, வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு மூட்டை என்று எதைக் கண்டாலும் கையை முழங்கைவரை விட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்க்காமல் விடமாட்டார். ஆரியசாலையில் சொந்தமாக வற்றல் கடை போட்ட பிறகு அந்தச் சந்தேகம்தான் அவருக்கு முதலாய் இருந்தது. அவர் கடைச் சரக்கை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவரே போதுமான அளவு சந்தேகப்பட்டிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

சந்தேகத்தை அவர் கடையோடு விட்டுவிட்டு வருகிறவர் அல்ல. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையன் சொன்ன ஆபீசில் நிஜமாகவே வேலை பார்க்கிறானா என்று ஆள் அனுப்பி விசாரித்தார். என் கணவர் அதை இன்றும் சொல்லிக்காட்டுகிறார். எனக்கும் அந்த ரத்தம்தான். ஆடிட்டர் ஆபீசில் சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய அன்றே பழையதாக இருந்த கார் அது. புதுக் கார் எடுத்துத் தருகிறேன் என்று தம்பி பல முறை சொன்னான். புதுக் கார்களில் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று அப்பாவுக்குச் சந்தேகம். கடைசி வருடத்தில் பிரேக்கை மிதித்தால் கிரீச்சென்று சத்தம் வந்தது, ஸ்டியரிங்கும் நடுங்கியது. கரமனையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்.

"சாரே, பேடு மாத்திரம் மாத்தியிட்டுக் காரியமில்லா. டிஸ்கும் மாத்தணும், ரெண்டு சைடும்" என்றார் மெக்கானிக்.

டிஸ்க் என்பது முன் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு. அதை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்து நிறுத்துவது பேடு. எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறானே, திருடன் என்று அப்பா அடுத்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். அங்கே பேடு மட்டும் போதும் என்றார்கள். இவ்வளவு சுலபமாகச் சொல்கிறானே, வேலை தெரியாதவன் என்று அங்கிருந்தும் வந்துவிட்டார். மூன்றாவதாக ஒருவர் பழைய டிஸ்கையே லேத்தில் கொடுத்துக் கடைந்து சமப்படுத்தலாம் என்றார். அது மட்டும் அப்பாவுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

தம்பி ஆன்லைனில் பேடு வரவழைத்தது இந்த நேரத்தில்தான். அது உண்மைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. பார்சல் வந்த அன்று உங்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். அப்பா பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மினுமினுப்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். பேடின் ஓரத்தை விரலால் தேய்த்தார், கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே பெட்டிக்குள் இருந்தவற்றில் ஒன்றின் பெயிண்ட் மற்றதைவிட வெளிறியிருந்தது.

"இது டூப்ளிகேட்டாக்கும், மக்கா" என்றார்.

தம்பியும் பார்த்துவிட்டு, "ஆமாப்பா, திருப்பி அனுப்பிருகேன்" என்றான். அனுப்பியும் விட்டான். நீங்கள் காப்பியைக் குடித்துவிட்டு அதற்கு முன்பே கிளம்பிவிட்டீர்கள். ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது நீங்கள் பார்த்த பாதிக் கதை.

பிறகு இருவரும் கிள்ளிப்பாலத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்கள். எடுத்து வைத்த பெட்டியை அப்பா தொடவில்லை. அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவச் சொன்னார்.

"சாரே, இது வற்றல்முளகல்லா. எல்லாப் பெட்டியும் ஒண்ணு தன்னே" என்று கடைக்காரர் சிரித்தாராம். அப்பா சிரிக்கவில்லை. அடிப்பெட்டிதான் வந்தது.

பேடு வாங்கியாயிற்று. டிஸ்கில்தான் வீட்டில் சண்டை வந்தது. கடைந்தால் போதும் என்பது அப்பாவின் கட்சி. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏற்கெனவே தேஞ்ச டிஸ்க்குப்பா. கடைஞ்சா இன்னும் மெலிஞ்சிரும். மெலிஞ்சது இறக்கத்துல சட்டுன்னு சூடாவும். நீங்க இனி பொன்முடிக்குப் போவல்லன்னு சொல்லுங்க, நானே கொண்டுபோய்க் கடைஞ்சிட்டு வாறேன்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு, "அந்தக் கடைக்காரன் உனக்கு எவ்வளவு கமிஷன் தாறான்?" என்று கேட்டார்.

"பெத்த பிள்ளைகிட்ட கேக்கற கேள்வியா இது?" என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம் போட்டார். தம்பி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்கு அப்பாவின் மேல் அன்று வந்த கோபம் சொல்லி முடியாது. உலகத்தையே சந்தேகப்படட்டும், அவனையுமா?

அடுத்த நாள் காலையில் அப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் காரைக் கரமனைக்கு ஓட்டிப் போனார். திருடன் என்று முதலில் சொன்ன அதே மெக்கானிக்கிடம், இரண்டு பக்கமும் புது டிஸ்க் போடச் சொன்னார். வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். பழைய டிஸ்குகளைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார். புது பேடைக் கொஞ்ச நாள் அழுத்தி மிதிக்க வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னதில் மட்டும் அவருக்கு மனவருத்தம்.

"மிதிக்கப்பிடாதுன்னா பின்ன எதுக்கு பிரேக்கு?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியாத வித்தை.

சில மாதம் கழித்து, பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் கடை வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பாவும் அம்மாவும் போனார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி இறங்கும் வழியில்தான் அப்பா போனார். மலையடிவாரத்து வித்துரா ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று சொன்னார்கள். மற்றதை எல்லாம் நீங்கள் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னதை நானும் அப்படியே தள்ளிவிடவில்லை. தம்பிக்கும் சொல்லாமல், முன்பின் தெரியாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரங்களைக் கழற்றச் சொல்லி என் கண்ணால் பார்த்தேன். பேடில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. டிஸ்க் வழவழவென்று கீறல் இல்லாமல் இருந்தது. இதை மெதுவாக ஒரு உறவினரிடம் சொன்னேன். பொருள் நல்லதாக இருக்கலாம், மாட்டியது சரியில்லாமல் இருந்திருக்கும் என்றார்.

ஆனால் காருக்குள் இன்னொருவர் இருந்தாரே! துக்க வீட்டில் அம்மாவை உள்ளறையில் உட்காரவைத்து, எல்லோரும் வந்து கையைப் பிடித்து அழுதுவிட்டு, அதை நினைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பிரேக் பேச்சு வரும்போதெல்லாம் அவர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். தம்பி கேட்கப் பயந்தான். நானும் கேட்கவில்லை. இந்த மலருக்காக அப்பாவின் கடைசி நாளைப் பற்றி எழுத வேண்டியிருந்ததால், போன மாதம் ஒரு சாயங்காலம் தம்பியும் பக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்.

"இதுவர எங்கிட்ட ஆரு கேட்டா, சொல்லுகதுக்கு?" என்று ஆரம்பித்தார் அம்மா. "பாதி இறக்கத்துல அப்பாக்கு வேர்த்து ஒழுகிச்சு. வண்டிய மெதுவாக்கி, மலைப் பக்கமா ஒதுக்கி, மண்ணுல லேசா முட்டுகது மாதிரி நிறுத்தினாரு. ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு, சாவிய எடுத்து எங்கையில தந்தாரு. பிரேக்கு பிடிக்கல்லியான்னு கேட்டேன். 'பிரேக்குக்கு ஒரு கேடும் இல்ல. பய நல்லதாப் பாத்துதான் போடச் சொல்லியிருக்கான். எனக்காக்கும் சொகமில்ல. நீ இறங்கி முன் டயருக்கு ஒரு கல்லு வை'ன்னாரு. நான் கல்ல வச்சுட்டு நிமிந்து பாத்தா, அவரு கண்ண மூடியிருந்தாரு."

தம்பி, "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றான். அம்மா சொன்னார். அவன் மறுபடியும் கேட்டான்.

மகனைத் தேற்ற அம்மா ஒன்றிரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்கிறாரோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. ஆனால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொன்ன வாயாலேயே டயருக்குக் கல் வைக்கச் சொல்ல எங்கள் அப்பாவைத் தவிர யாரால் முடியும்? நீங்கள் எல்லோரும் பார்த்து, எல்லோருக்கும் அனுப்பிய அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் டயருக்குக் கீழே கல் இருக்கிறது. உங்கள் போனிலும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவைத் தனியே விடாமல் ரோட்டோரத்தில் கூட நின்ற எஸ்டேட் பெண்களுக்கும், அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வித்துராவுக்குப் பறந்த ஜீப்காரருக்கும், அங்கே அம்மாவுக்கு குடிக்க ஒரு தம்ளர் சுடுவெள்ளம் கொடுத்து உட்காரவைத்த நர்ஸுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். கரமனை மெக்கானிக்குக்கு நன்றி. அவரைத் திருடன் என்று சொன்னதற்கு அப்பா சார்பில் வருத்தம். தம்பி, உனக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். உன்னால்தான் அம்மா திரும்பி வந்தார் என்று இங்கே அச்சில் இருக்கிறது, அது போதும்.

சந்தேகப்பட்டவர்களிடம் எனக்கு இப்போது கோபம் இல்லை. அப்பாவும் சந்தேகப்பட்டவர்தான், ஆனால் எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். நினைவு நாள் சாப்பாடு முடிந்து நாகர்கோவில் பக்கம் போகிறவர்களைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடக் கார் ஏற்பாடு செய்திருக்கிறோம். அப்பாவின் கார்தான். ஓட்டப்போவது தம்பி. தயவுசெய்து ஏறிக்கொள்ளுங்கள்.