சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

தாம்பரம் மேற்கில் தசரதன் என்று சொன்னால், எந்தத் தசரதன் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். மாடம்பாக்கத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டத் தொடங்கி, ரேடியோ, டிவி என்று ஏறி, தொண்ணூற்றாறில் ஸ்டேஷனுக்குப் பின்னால் சொந்தக் கடையில் சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தான். யாரோ ஆபீசில் கழித்துப் போட்டது. அதற்கு உயிர் கொடுத்தது இவன் கை. டிகிரி வாங்கியவன் மேனுவலைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், கையால் பிழைத்தவன் மூடியைக் கழற்றி வேலையை முடித்திருப்பான். நம்மைப் போன்றவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவனுடைய சிநேகிதர் சௌகத் அலி. ஆட்டோவின் மேல் இரண்டு ஸ்பீக்கர் கட்டி, துணிக்கடைத் தள்ளுபடி, திருவிழா, மின்தடை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார். பெருங்களத்தூரிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் அவர் முகத்தை அறியாதவர்கள் கூடக் குரலை அறிவார்கள். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல் பெட்டியையே எடுத்தாக வேண்டும், ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எடுத்துட்டா ஆட்டோவுல ஊமைப் படமா காட்டுறது?" என்று சௌகத் பாய் சிரித்தார். சிரிப்பிலேயே கரகரப்பு தெரிந்தது.

தசரதன் யோசித்தான். பாயின் குரலைத் துண்டு துண்டாகக் கம்ப்யூட்டரில் பிடித்து வைத்தால்? ஊர்ப் பெயர், கிழமை, எண், "இன்று மாலை", "அனைவரும் வருக" எல்லாம் தனித்தனியாக. வேலை வரும்போது கோத்து, கேசட்டில் ஏற்றி, ஆட்டோவில் போட்டால் போயிற்று. பேசுவது பாய்தான்.

குரலுக்கு நிறைய இடம் வேண்டும். பழைய டிஸ்க் ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. மவுண்ட் ரோடு பக்கம் போய்ப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வந்து பழையதோடு சேர்த்து மாட்டினான். திரையில் ஒன்றுமே தெரியவில்லை. கேபிளை மாற்றினான். பிறகுதான், இரண்டு டிஸ்க்கும் நானே பெரியவன் என்று முறைத்துக்கொண்டு நிற்பது புரிந்தது. புதியதை இரண்டாவதாக்க, அதன் முதுகில் இருந்த சின்னப் பின்னை ஒரு கட்டம் தள்ளிப் போட்டான். வந்தது. ஆனால் அந்தக் கிழட்டு மெஷின் புதிய டிஸ்க்கில் பாதிக்குச் சற்று மேலேதான் அடையாளம் கண்டது. அதுவே போதும் என்று விட்டுவிட்டான்.

மத்தியான வேளைகளில் கடைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பாய் பேசினார். இடையிடையே தண்ணீர். சில சொற்களைப் பல முறை. 'திருநீர்மலை' என்பதற்குள் இருமல் வந்து வந்து நின்றது.

"வேற எதுலனா ஒரு காப்பி போட்டு வெய்யேன், தசரதா."

"ஃப்ளாப்பியிலயா? மூட்டை மூட்டையா வாங்கணும் பாய். இது இரும்புப் பொட்டி. நான் போனாக்கூட நீ பேசிக்கினு இருப்ப."

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் கம்ப்யூட்டர் மூடியின் மேல் ஒரு பொட்டோடு சரி. அந்த வருஷம் தசரதன் மெஷினை நிறுத்திய சூட்டோடு மூடியைக் கழற்றினான்.

"மேலயே வெச்சா போதாதா?" என்றாள் அவன் மனைவி தனக்கோடி.

"வேலை செய்யறது உள்ள கீது. மூடிக்கு இன்னாத்துக்குப் பொட்டு?"

புதிய டிஸ்க்கின் மேல் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். கற்பூரம் காட்டும்போது பாய்க்காகவும் வேண்டிக்கொண்டான்.

மறுநாள் அங்கே பாயை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன நேரத்தில், இங்கே மெஷினைப் போட்டான். டிக், டிக், டிக். டிஸ்க் தெரியவில்லை. கேபிள், பின், பவர் ஒயர், போர்டு பேட்டரி, எல்லாம் மாற்றிப் பார்த்தான். வேறு மெஷினில் மாட்டினான். அங்கேயும் அதே டிக், டிக்.

கடைசியில், காய்ந்த சந்தனத்தை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். அடியில் குண்டூசித் தலை அளவு ஒரு ஓட்டை. பக்கத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷ். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். ஓட்டையை மூடாதே என்று இருந்தது.

அதற்கு மேல் அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சூடான மோட்டார் ஆறும்போது பக்கத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்று மாடம்பாக்கத்திலேயே கற்றவன் அவன். சுடச்சுட அப்பிய ஈரச் சந்தனத்தை டிஸ்க் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க் வாங்கிய இடத்துக்கே எடுத்துப் போனான். திறந்து பார்த்தவர்கள், ஒன்றும் மிச்சமில்லை என்று கையை விரித்தார்கள்.

சில வாரம் கழித்து, கழுத்தில் கட்டோடு பாய் கடைக்கு வந்தார். கையில் குரோம்பேட்டைப் புடவைக் கடையின் நோட்டீஸ். அதை மேஜையில் வைத்து, கம்ப்யூட்டரைக் காட்டி, போடு என்று சைகை செய்தார். முகமெல்லாம் சிரிப்பு.

தசரதன் டிஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தான்.

"பூஜைக்கு சந்தனம் வெச்சேன் பாய். உள்ள பூட்ச்சு. உன் குரல் ஒண்ணுகூட இல்ல."

பாய் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே கொண்டுபோனார். பிறகு நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனார். ஒரு வசவு விழுந்திருந்தால் தசரதனுக்கு மூச்சாவது வந்திருக்கும். வசவுக்கும் குரல் வேண்டுமே.

ஒப்புக்கொண்ட வேலையை விட முடியாது. வெள்ளிக்கிழமை பாய் ஆட்டோவை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து தசரதன் மைக்கைப் பிடித்தான். சேலையூரில் ஒரு அம்மா வாசலுக்கு வந்து, "இன்னாய்யா, தகரத்த தேய்க்கிற மாதிரி கீது. எங்க பாய் வர்லயா?" என்றாள்.

எதையும் ஒரே பார்வையில் கற்றுக்கொண்டவன், நோட்டீஸின் மூன்றாவது வரியில் தடுமாறி நின்றான். ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் பாயின் முகம் தெரிந்தது. அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அதே வரியைச் சொல்லி முடித்து, அடுத்ததற்குப் போய்விட்டிருந்தன.