மத்தியான டிரிப்பில் ஒரு பாடம்

பஸ்ஸின் மேல்கம்பியில் கறுப்பு நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு கூழாங்கல். அதைச் சுற்றி அண்ணாந்து பார்த்தபடி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர், காஞ்சிபுரம் தடத்தில் ஓடிய தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். கல்லைக் கட்டியவள் என் மனைவி. அதே தடத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை.

முதல் நாள் இரவு அவள் சாப்பாட்டில் மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள். "வேகம் மாறினாத்தான் முடுக்கம்னு ஒப்பிக்குதுங்க. ஓடுற வண்டிக்கெல்லாம் முடுக்கம் உண்டான்னா, 'உண்டு டீச்சர்'னு கத்துதுங்க. புரியவேயில்லைங்க." அதைவிட அவளைச் சுட்டது தலைமையாசிரியரின் பேச்சு: "மாடு மேய்க்கப் போற புள்ளைங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கும்மா?" சட்டென்று நிமிர்ந்தாள். "மத்தியான டிரிப்புல கூட்டம் இருக்காதே, எங்க புள்ளைங்கள ஏத்திக்கினு போறீங்களா?"

டிரைவர் என்னைவிட மூத்தவர், சிடுசிடுப்புக்காரர். "என் வண்டி இன்னா பள்ளிக்கூடமா?" என்றார். அவளே போய், "அண்ணே, ஒரே சீரா ஓட்ட உங்களாலதான் முடியும்" என்றதும் மனுஷர் குளிர்ந்துபோனார். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியரும் குடையோடு ஏறிக்கொண்டார்.

பஸ் கிளம்பி வேகம் பிடித்தது. கல் பின்பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். பிறகு ஒரே சீராக ஓடியபோது, குலுக்கலில் லேசாக ஆடியதே தவிர எந்தப் பக்கமும் சாயவில்லை. பிரேக் போட்டதும் முன்பக்கம் போனது. "இவ்ளோ ஜோரா ஓடச்சொல்லோ கல்லு சும்மாதானே தொங்கிச்சி!" என்று ஒரு பையன் வியந்தான். "அப்ப முடுக்கம் எப்ப?" என்றாள் அவள். "மாறுறப்ப மட்டுந்தான் டீச்சர்!" இந்த முறை ஒப்பிக்கவில்லை, பார்த்துச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஏரிக்கரை வளைவு வந்தது. டிரைவர் வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கல் மட்டும் பக்கவாட்டில் சாய்ந்தது. என் மனைவியே திகைத்தாள். அவள் யோசித்து வைத்திருந்த பாடத்தில் வளைவு இல்லை. வகுப்பில் வாயே திறக்காத நெசவுக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "வேகம் மாறல டீச்சர். போற பக்கம் மாறிச்சி. அதுவும் மாத்தந்தானே?"

"ஆமாண்டி கண்ணு, அதுவும் முடுக்கந்தான். நான் சொல்லிக்குடுக்காதத நீயே கண்டுபுடிச்சிட்ட" என்றாள் என் மனைவி. தலைமையாசிரியர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்துவந்து, "திரும்பி வர்றப்ப அந்த வளைவுல நானும் கிட்டக்க நின்னு பாக்கணும்" என்றார். அடுத்த வருஷம், "பஸ்ஸுக்கு எப்பம்மா போறீங்க?" என்று அவரே கேட்டார். இன்றும் பஸ் வளைவில் திரும்பி என் தோள் அவள்மேல் சாய்ந்தால், ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பாள்.

அன்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றதில் நான் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டேன். காய்கறிக்கார அம்மா ஒருவர், "இன்னா கண்டக்டரே, என் எடம் தாண்டிப் போயிடுச்சி, விசிலு ஊதாம இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற?" என்று சீறினார். அவசரமாக விசில் ஊதி, அவருடைய கூடையை இறக்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு: "அதோ பாடம் நடத்துறாங்களே, அவங்க என் வூட்டுக்காரம்மா."