ஆதாரில் திருச்சானூர்

என் வாய் ஊரறிந்த வாய். கல்யாணத்துக்கு முன்பு நகரியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் பத்து வருஷம் வேலை செய்தவள் நான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதற்கே தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். திருப்பதியை ஒட்டிய திருச்சானூருக்கு வாழ வந்த புதிதில் நான் "காபி போடட்டுமா" என்று கேட்டால் மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னபோது என்னைப் பெற்றவளே நம்பவில்லை.

என் தம்பி நகரி கால்பந்து அணியின் கோல்கீப்பர். பகலில் தறி ஓட்டுவான், சாயங்காலம் பந்து பிடிப்பான். சென்ற ஆண்டு எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி திருப்பதி, ஆடப்போவதும் திருப்பதியில். ஐந்து நாள் முன்பு போலீஸ் உத்தரவு வந்தது. நகரியிலிருந்து ஆட்டக்காரர்களும் பயிற்சியாளரும் வேன் டிரைவரும் மட்டும் வரலாம், பார்க்க ஒருவரும் வரக்கூடாது. வாசலில் ஆதார் பார்த்து, திருப்பதி, சுற்றுவட்டார விலாசம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அதையும் மீறி நகரிக்காரர்கள் கலாட்டா செய்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும், கோப்பை திருப்பதிக்குப் போகும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் காரணம் இல்லாமல் போட்ட உத்தரவு என்று சொல்ல முடியாது. எங்கள் அணிக்குச் சட்டை வாங்கிக் கொடுத்தவர் ஒரு கட்சிக்காரர். திருப்பதி அணிக்கு வாங்கிக் கொடுத்தவர் எதிர்க்கட்சிக்காரர். அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் ஊரில் இரண்டு அணிகளும் மோதியபோது மைதானத்தில் பந்தைவிடக் கொடிதான் அதிகம் பறந்தது. கடைசியில் கல்லும் பறந்தது. இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. எங்கள் பக்கத்திலிருந்தும் கல் போனது, அதை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இப்போது தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

தம்பி போன் செய்தான். குரலே சரியில்லை.

"அக்கா, போன தடவை நம்ம ஊரு மொத்தமும் பாத்துக்கினு இருக்கும்போதே ரெண்டு கோல் உட்டேன். இப்ப அவங்க ஊர்ல, நம்ம மூஞ்சி ஒண்ணுகூட இல்லாம நிக்கணும். இந்த தடவையும் உட்டா கிளவ்ஸக் கழட்டி நைனா கையில குடுத்துடுவேன்."

திட்டிவிட்டுப் போனை வைத்தேன். திட்டினேனே தவிர, அவன் சொன்னால் செய்வான் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

மறுநாள் வேலைக்குப் போனேன். திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். தாயாரைச் சேவிக்க வருகிறவர்களின் ஆதாரை வாங்கிப் பார்த்து, நகல் எடுத்து, சாவி கொடுப்பது என் வேலை. ஒரு குடும்பத்தின் அட்டைகளை நகல் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று உறைத்தது. என் ஆதாரில் என்ன விலாசம் இருக்கிறது? திருச்சானூர். கல்யாணமான மறுமாதமே ரேஷன் கார்டுக்காக மாமியார் மாற்றச் சொன்னார். புது அட்டையில் நகரி இல்லாததைப் பார்த்து அன்று குளியலறையில் போய் அழுதேன். அந்த அட்டைதான் இப்போது என்னை உள்ளே விடப்போகிறது! உத்தரவு போட்ட பெரிய மனிதர்கள் வேன், பஸ், ரயில் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்களை யோசிக்கவில்லை.

நகரியில் பிறந்து திருப்பதியிலும் திருச்சானூரிலும் வாழ்க்கைப்பட்ட நாங்கள் சிலர் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். பிறந்த வீட்டைத் தெலுங்கில் சொல்வதுபோல் அதற்குப் 'புட்டினில்லு' என்று பெயர். புடவை போட்டோவும் நகரிச் சாவுச் செய்தியும்தான் அதில் வரும். அன்று நான் விஷயத்தைப் போட்டேன். ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் அவன் இன்னும் நொந்துபோவான் என்று தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் திருப்பதி அணியின் பக்கம். விழுந்து விழுந்து சிரித்தார். "நீ ரெண்டு மணி நேரம் வாய மூடிக்கினு இருந்தியானா, நான் அலிபிரியிலேர்ந்து நடந்தே மலை ஏறுறேன்" என்றார். சொன்ன சொல் தவறாத மனிதர். அடுத்த சனிக்கிழமை ஏறினார், மூன்று நாள் காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

மைதான வாசலில் ஒரு பெண் கான்ஸ்டபிள் எங்கள் ஏழு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஆண் துணையில்லாமல் ஏழு பெண்கள் புட்பால் பார்க்க வந்தது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"புட்டினில்லு எக்கடம்மா?" என்று பிறந்த வீடு எங்கே எனக் கேட்டார்.

பின்னால் நின்றவள் என் முதுகில் கிள்ளினாள். திருப்பதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பிறந்த ஊரை மறைத்துவிட்டு உள்ளே போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

"நகரி" என்றேன். "கோல்கீப்பர் என் தம்பி. கார்டுல இருக்கறதும் நிஜம், இதுவும் நிஜம். எங்க கிட்டேர்ந்து ஒரு சத்தம் வராது மேடம். வந்தா என்னத் தூக்கிக்கினு போங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து உத்தரவுத் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு தமிழிலேயே சொன்னார்: "இதுல அட்ரஸ்னுதான் போட்டிருக்கு. புட்டினில்லு பத்தி ஒண்ணும் எழுதல. போங்க. ஆனா நான் உங்க பின்னாலயேதான் உக்காருவேன்."

சொன்னபடியே உட்கார்ந்தார்.

முதல் பாதியில் நகரி ஒரு கோல் போட்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு கைதட்டல் இல்லை. எங்கள் பையன்கள் தங்களுக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் ஏழு பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஒருத்தி கையை ஒருத்தி நெரித்தோம். அதுகூடப் பரவாயில்லை. இரண்டாம் பாதியில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவன் தம்பியைப் பார்த்து, தறி ஓட்டுகிறவனுக்குப் பந்து எதற்கு என்று தெலுங்கில் கத்தினான். தறிக் கொட்டகையில் நான் கற்ற வசவெல்லாம் வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. ஒன்றை அவிழ்த்துவிட்டிருந்தாலும் அவன் காது ஒரு வாரத்துக்குக் கேட்டிருக்காது. பின்னால் கான்ஸ்டபிளின் லத்தி பெஞ்சில் லேசாகத் தட்டுப்பட்டது. கோப்பை போய்விடும், தம்பி கிளவ்ஸைக் கழட்டிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விழுங்கினேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது திருப்பதிக்குப் பெனால்டி கிடைத்தது.

மைதானம் மொத்தமும் எழுந்து கத்தியது. தம்பி கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்று தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தான். யாரையும் எதிர்பார்த்துப் பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பார்த்தான். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. கத்தத்தான் கூடாது, நிற்கக் கூடாது என்று யார் சொன்னது? பெஞ்சின் மேல் ஏறி நின்றேன்.

கொட்டகையில் எவ்வளவு கத்தினாலும் இரண்டு வரிசை தள்ளி இருப்பவருக்குக் கேட்காது. அங்கே கைதான் பேசும். ஒருவர் சாப்பிடப் போகும்போது அடுத்த தறிக்காரர் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டி, அவருடைய தறியை விரலால் காட்டுவார். உன் தறியை நான் பார்த்துக்கொள்கிறேன், நூல் அறுந்தால் நான் இருக்கிறேன் என்று அர்த்தம். நானும் தம்பியும் நான்கு வருஷம் அப்படித்தான் மாறி மாறிச் சாப்பிட்டோம்.

நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன். கோல் கம்பத்தைக் காட்டினேன். என் பக்கத்தில் ஆறு பேரும் ஏறி நின்று அதையே செய்தார்கள். எல்லாரும் தறிக்காரர் வீட்டுப் பெண்கள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அவன் பார்த்துவிட்டான். ஒரு நொடி வாயைப் பிளந்தான். பிறகு கிளவ்ஸை இழுத்து இறுக்கிக்கொண்டு குனிந்து நின்றான்.

பந்து இடது பக்கம் வந்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்தான், தள்ளிவிடவில்லை, பிடித்தான். பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தான். எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பித் தொண்டையில் மோதியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கர்வத்துக்கு அந்த மைதானமே சின்னது. அவனை நினைத்து மட்டும் இல்லை, எங்கள் ஏழு பேரின் மூடிய வாயை நினைத்தும்தான்.

நகரி ஜெயித்தது. ஒரு கல் பறக்கவில்லை. முன்வரிசை ஆள் முனகிக்கொண்டே இரண்டு முறை கைதட்டிவிட்டுப் போனான்.

உத்தரவுப்படி அணியை உடனே வேனில் ஏற்றிவிட்டார்கள். முன்னால் ஒரு போலீஸ் ஜீப், பின்னால் ஒன்று. அருகில் போக முடியவில்லை. சாலையோரம் நின்று பார்த்தோம். வேன் எங்களைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகத் தம்பி பாதி உடம்பை வெளியே நீட்டினான். கிளவ்ஸ் இன்னும் கையிலேயே இருந்தது. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினான், என்னைக் காட்டினான், விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனான். போய்ச் சாப்பிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் ஆட்டம் என்றால் எனக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்காது என்று அவனுக்குத் தெரியும்.

"மேட்ச் முடிஞ்சிபோச்சி, இப்ப கத்தும்மா" என்றார் பின்னால் வந்து நின்ற கான்ஸ்டபிள்.

இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்திருந்த குரல் முழுவதையும் எடுத்து அந்த வேனைப் பார்த்துக் கத்தினேன்.

"நீ துன்னியாடா?"