மாக்கான் பண்ணும் பிரேக்

எங்கள் பிக்கப்பை விற்றுவிடுவது என்று என் கணவர் முடிவு செய்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து பாகாட் ஊரிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வந்து பார்ப்பார் என்று, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். வண்டி அவர் பெயரில் இருந்தது, உண்மைதான். ஆனால் ஓட்டுகிறவள் நான். உலு திராமில் உள்ள எங்கள் செடி நர்சரியிலிருந்து மண் மூட்டை, சிமெண்டுத் தொட்டி, ஆளுயர மாங்கன்று எல்லாவற்றையும் ஏற்றிப்போய் வீடு வீடாக இறக்குகிறவள் நான். வண்டி போனால் நான் நர்சரியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் அதற்கு முந்தின வாரம் நடந்தது. வண்டி நிறைய மண் ஏற்றிக்கொண்டு ஒரு தாமான் குடியிருப்பின் நீண்ட இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். கீழே சிவப்பு விளக்கு. மிதித்தேன். பிரேக் மிதி கல்லைப்போல இருந்தது, வண்டி மட்டும் நிற்கவில்லை. ஏதோ கருகும் நாற்றத்தோடு ஒரு பள்ளிப் பேருந்தின் பின்புறத்துக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. பின்கண்ணாடி வழியாக இரண்டு பிள்ளைகள் எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

"பிரேக் மாக்கான் பண்ணலங்க" என்று வீட்டில் சொன்னேன். பிரேக் பிடிக்காததை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மாக்கான் என்றால் மலாயில் சாப்பிடுவது; பிரேக் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால்தான் வண்டி நிற்கும்.

அவர் வெறும் வண்டியை எடுத்துத் தாமானை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "வெண்ணெ மாதிரி நிக்குது. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்!" என்றார். வெறும் வண்டி நிற்காமல் என்ன செய்யும்? அடுத்த நாளே ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டார். பொம்பளைக்குப் பாரவண்டி சரிப்படாதாம். அதே வண்டியை வாங்கப்போகிற பத்து பாகாட்காரர் என்ன பாவம் செய்தார் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. எனக்குக் கோபத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் வண்டியைத் தம்போயில் ஒரு வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். அங்கிருந்த போர்மேன் முன்சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேட்டை உருவிக் கையில் கொடுத்தார். பாதிக்கு மேல் கனம் இருந்தது. ஆனால் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தது.

"தேயலக்கா. வெந்து போச்சு" என்றார். "இது காருக்குப் போடுற டைப்பு. நீங்க ஒரு டன் ஏத்துறீங்க. யாரு வாங்குனா இத?"

யார் வாங்கியது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவர் அந்த வண்டியின் ஸ்போர்ட் ரிம்மைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவார். கரித்தூள் கொட்டாத, சத்தம் போடாத பேட் வேண்டும் என்று தேடிப் பிடித்து வாங்கியவர் அவர். ரிம் அழகாகத்தான் இருந்தது. அழகு சோறு போடுமா?

வீட்டுக்கு வந்து, புதிய பேட்டை நானே வாங்குகிறேன் என்றேன். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவரும் ஸ்பேர் பார்ட் கடைக்கு வந்தார். கல்லாவில் கடை முதலாளி தவுக்கேயின் மனைவி இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட சீனப் பெண்மணி. நான் நாளிதழில் சுற்றி எடுத்துப்போன பழைய பேட்டை வாங்கி, அதன் விளிம்பைப் புரட்டிப் பார்த்தார். அழுக்குக்கு அடியில் சின்னதாக இரண்டு ஆங்கில எழுத்துகள்: எஃப், ஈ.

"டெப்பான் செஜுக், பெலாக்காங் பானாஸ்" என்றார். முன்னெழுத்து பேட் குளிர்ந்திருக்கும்போது பிடிக்கும் பிடி, பின்னெழுத்து சூடேறியபின் பிடிக்கும் பிடி. எழுத்துவரிசையில் பின்னால் போகப் போகப் பிடி கூடும். எங்கள் பேட் குளிரில் எஃப், சூட்டில் ஈ. தாமானைச் சுற்றும்போது நல்ல பிள்ளை, பாரத்தோடு இறக்கத்தில் வந்தால் கைவிட்டுவிடும். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. கோணல் மேடைதான், நான் இல்லை! என் கணவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் படிக்கத் தொடங்கினார்.

அந்த அம்மாள் உள்ளே போய் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தார். உலோகத்தூள் கலந்த, பாரவண்டிக்கான பேட். விளிம்பில் எஃப், எஃப். "இனி மாக்கான் குவாட்", இது பலமாகத் தின்னும், என்று பெட்டியைத் தட்டினார். கொஞ்சம் கீச்சிடும், தூளும் கொட்டும் என்றார்.

நாட்காட்டியிலிருந்து என் கணவர் சட்டென்று திரும்பினார். "கேட்டியா? நல்லா மாக்கானாம்! டிஸ்க்கத் தின்னே தீத்துரும். வேணாம் லா."

அதே மாக்கான். பிரேக் மாக்கான் பண்ணாவிட்டால் வண்டி நிற்காது. பேட், தான் கவ்விப் பிடிக்கிற டிஸ்க் தகட்டை மாக்கான் பண்ணினால் டிஸ்க் தேயும். அந்த அம்மாள் எதைச் சொன்னார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஆளுக்கொரு மாக்கானைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் சண்டை போட்டோம். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அவர் நின்றார். கடைசியில் நான் அந்த அம்மாளிடமே கேட்டுவிட்டேன். நல்லாப் பிடிக்குமா, டிஸ்க்கைத் தின்னுமா?

"டுவா-டுவா" என்று சிரித்தார் அந்த அம்மாள். இரண்டும்தான்.

"தின்னட்டும்ங்க" என்றேன். "டிஸ்க்கு தேஞ்சா வேற டிஸ்க்கு வாங்கலாம். பஸ்ல இருந்த புள்ளைங்கள எந்தக் கடையில வாங்குவீங்க?"

பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போர்மேன் பேட்டை மாட்டினார். பழையது வெந்ததில் கெட்டிருந்த டிஸ்க்கையும் மேலாகச் சீவிக் கொடுத்தார். உடனே பாரம் ஏற்றாதீர்கள், முதலில் மெதுவாக மிதித்துப் பழக்குங்கள் என்றார். தொழிற்பேட்டைச் சாலையில் போவதும் மிதிப்பதுமாக முப்பது தடவை பழக்கினேன். பிறகு நாற்பது மண் மூட்டைகளை ஏற்றச் சொல்லிவிட்டு, "ஏறுங்க" என்றேன் என் கணவரிடம்.

அதே இறக்கம். பேட்டைச் சூடேற்றுவதற்காகவே ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். அவர் ஒரு கையால் மேல்பிடியைப் பற்றிக்கொண்டு, தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார். கீழே விளக்கு சிவப்புக்கு மாறியது. முன்னால் ஒரு லோரி. மிதித்தேன்.

கடித்துப் பிடித்தது! ஊருக்கே கேட்கும்படி கீச்சென்று ஒரு சத்தம், மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லோரிக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு கார் தாராளமாக நிற்கலாம். அவ்வளவு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்றுகூட அடைந்ததில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அவர் மேல்பிடியை விட்டார். சக்கரத்துக்குள்ளிருந்து வந்த கரித்தூள் அவருடைய பளபளக்கும் ரிம்மில் படிந்துகொண்டிருந்திருக்கும். அவர் எட்டிப் பார்க்கவில்லை.

விளக்கு மாறுவதற்குள் அவர் போன் அடித்தது. பத்து பாகாட்காரர். நாளை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஊரில் எல்லாரிடமும் என்னை 'அவ' என்றே சொல்கிற மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க அண்ணே, வண்டி குடுக்கல. வீட்ல அவங்க ஓட்டுறாங்க."